உறைபனி விழுந்த செவ்வாய்க்கிழமை

என் பிரியமானவளே,

தைவானில் நீ பார்த்துக்கொள்ளும் பெரியவர் இப்போதாவது அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாரா? இங்கே எல்லோரும் நலம். நம் வெனிங்குக்கு முன்பல் விழுந்துவிட்டது.

நம் தியெங் மலையில் இந்த ஆண்டு குளிர் முந்திக்கொண்டது. செவ்வாய்க்கிழமை விடிந்தபோது உருளைக்கிழங்கு வயலெல்லாம் உறைபனி. வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் அடித்துக் கழுவாவிட்டால் இலை கருகிவிடும் என்று உனக்குத் தெரியும். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வயல் துமீரா அக்கா தன் குழாயை நம் வயலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“அக்கா, முதல்ல உங்க செடியைப் பாருங்க.”

“பேசாம உட்காருடா. கட்டையை ஊணிக்கிட்டு எந்திரிச்சே, அதாலயே முதுகுல போடுவேன்.”

எந்தக் கட்டை என்று கேட்காதே. கால் ஆறிக்கொண்டுதான் வருகிறது.

நம் செடிகள் பிழைத்தன. அவளுடையவை பாதிக்கு மேல் கருகிவிட்டன. நம் கிழங்கில் பாதி அவளுக்கு என்று சொல்லிவிட்டேன், உன்னைக் கேட்காமலே.

“கிழங்கு கிடக்கட்டும். உன் பொண்டாட்டி வந்து ஒரு நாள் என்கூட உட்கார்ந்து பேசட்டும், போதும்” என்றாள்.

ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டே வா, அவசரப்படாதே. பேருந்தை விட்டு இறங்கியதும் தனியாக நடந்து வந்துவிடாதே. உன்னை அழைக்க நான் வரக் கொஞ்சம் நேரமாகும். ஆனால் நடந்தே வருவேன்.

உன் வீட்டுக்காரன்