நாலாவது நட்டுக்கு வைத்த பொட்டு

இருபத்து மூன்று வருடங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதும். இனி நான் பேசுவதாக இருக்கிறேன். கேட்க நீ இல்லை என்பது எனக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோதும் நீ காது கொடுத்தவன் இல்லை.

இன்று காலை என் பிக்கப்பைத் திருச்சானூரில் மெக்கானிக் மஸ்தானின் ஷெட்டில் விட்டிருந்தேன். லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளைச் சலவைக்கு ஏற்றிச்செல்லும் பழைய வண்டி. பத்து நாளாக எஞ்சின் ஆயில் ஒழுகிச் சூடான சைலன்சரின்மேல் சொட்டிக் கருகிக்கொண்டிருந்தது. வெளுத்த விரிப்புகளிலும் அந்த நாற்றம் ஏறுகிறது என்று லாட்ஜ்காரர்கள் சத்தம் போட்டார்கள். அந்த நாற்றத்தில் உன் நினைவு வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அது பொய். உன் நினைவு வர எனக்கு நாற்றம் தேவைப்பட்டதே இல்லை.

மஸ்தான் எஞ்சினிலிருந்து ஆயில் கூலருக்குப் போகும் லைன், திரும்பி வரும் லைன் இரண்டையும் கழற்றிப் புதிது மாட்டினான். ஒவ்வொரு நட்டையும் முறுக்கி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பெயிண்ட் பேனாவை எடுத்து அதன்மேல் மஞ்சளாக ஒரு கோடு இழுத்தான்.

"இன்னாப்பா அது?" என்றேன்.

"மார்க் சார். கம்பெனி ட்ரெய்னிங்ல சொல்லிக்குடுத்தாங்கோ. முறுக்கினதுக்கு அப்பறம்தான் வெக்கணும். கோடு இருந்தா டைட்டு. எவன் வந்து பார்த்தாலும் தெரிஞ்சிடும்."

முறுக்கிய பிறகுதான் வைக்க வேண்டும். இந்த வாக்கியத்தை உன்னிடம் சொன்னவன் நான். எந்தக் கம்பெனியும் எனக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. உன் மச்சான் துரைசாமியின் டீசல் பிக்கப்புக்கு அடியில், புத்தூர்ப் பக்கம் உங்கள் ஊர்ப் புளியமரத்து நிழலில், கோணிச்சாக்கில் படுத்தபடி நான் சொந்தமாகக் கண்டுபிடித்த முறை அது.

உனக்கு நினைவிருக்கும். உன் மனைவியின் அண்ணன் துரைசாமி வாங்கிப்போட்ட அந்த வண்டியை நாம் இருவரும் முறைவைத்து ஓட்டினோம். வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு ஓட்டிய பி.எஸ்ஸி. நான். நீ எட்டாவதோடு நிறுத்திவிட்டு ஓட்டுவதற்கென்றே பிறந்தவன். சித்தூரைச் சுற்றிப் புதிது புதிதாக மாம்பழக்கூழ் பேக்டரிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். கூழ் டின்னில் அடைபட்டு வெளிநாடு போனது. பின்னாலேயே ஊர் ஆட்களும் போனார்கள்.

புதிதாக எதை மாட்டினாலும் நீ பொட்டு வைப்பாய். கண்ணாடி, வைப்பர், ஹார்ன் எதுவானாலும் குங்குமம். "பல்புக்குமாடா பொட்டு?" என்று நான் சிரிப்பேன். ஒருநாள் அந்தப் பழக்கத்தையே ஒரு விதியாக மாற்றினேன். "இனிமே முறுக்கின நட்டுக்குத்தான் பொட்டு. பொட்டு இருந்தா டைட்டு, இல்லன்னா பானா போடணும்" என்று கையிலிருந்த ஸ்பேனரைக் காட்டினேன்.

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "டேய் படிச்சவனே, சாமியையே வேலை வாங்கிட்டியேடா!"

இரண்டு மாம்பழப் பருவம் அந்த விதி நம்மைக் காப்பாற்றியது. ஒரு நட்டுகூட வழியில் கழன்றதில்லை. இதை நான் பெருமைக்கு எழுதவில்லை. உன் வீட்டில் இது தெரிந்தவர் யாரும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. ஆயில் லைன்கள் இரண்டும் வெடித்துக் கசிந்தன. நீ ட்யூப் ரப்பரைச் சுற்றிச் சுற்றி ஒரு மாதம் ஓட்டியிருந்தாய். இனி முடியாது என்று புது லைன்கள் வாங்கினோம். லைனுக்கு இரண்டு முனையாக மொத்தம் நான்கு நட்டுகள். எஞ்சின் பக்கத்து இரண்டையும் நான் பிடித்துக்கொண்டேன், கூலர் பக்கத்து இரண்டையும் நீ. இரண்டு பானா போட்டு, ஒன்றால் அசையாமல் பிடித்து மற்றொன்றால் முறுக்கி, என் இரண்டையும் முடித்துப் பொட்டு வைத்தேன். வாங்கி வைத்திருந்த ஆயில் போதாது என்று பட்டதால் நான் புத்தூருக்குச் சைக்கிளை மிதித்தேன்.

திரும்பி வந்தபோது நீ வண்டியருகே இல்லை. குனிந்து பார்த்தேன். நான்கு நட்டிலும் நான்கு பொட்டு, பளிச்சென்று. ஆயில் ஊற்றினேன். ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஓடவிட்டேன். ஒரு சொட்டு இல்லை. துரைசாமி வாசலிலிருந்து கூவினார்.

"இன்னாடா, ஆச்சா? லோடு ஏத்திக்கினு கெளம்பறதுதானே?"

"ஆச்சுண்ணா. நாலும் டைட்டு."

அதைச் சொன்னது என் வாய். இந்த மடலில் அதையும் மறைக்கப் போவதில்லை.

மாலையில் தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கார்வேட்டிநகரம் தாண்டி ஒரு மேட்டில் எஞ்சின் தடதடத்தது, பிறகு இறுகி நின்றுவிட்டது. ஆயில் குறைந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு என்றைக்கோ செத்துப்போயிருந்தது. இறங்கிப் பார்த்தால் நாம் வந்த வழியெல்லாம் கறுப்புக் கோடு. கூலர் பக்கத்து நட்டு ஒன்று கழன்று லைன் தொங்கியது. நட்டின்மேல் உன் குங்குமம், ஆயிலில் ஊறிக் கரைந்துகொண்டிருந்தது.

நீ சாலையோரக் கல்லில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாய். நான் கேட்காமலே சொன்னாய்.

"பத்தரைக்கு ராவுகாலம்டா. அதுக்குள்ள பொட்டு வெச்சிடணும்னு ரெண்டுத்துக்கும் வெச்சிட்டேன். ஒண்ண முறுக்கினேன். இன்னொண்ண கையால மாட்டி வுட்டுட்டு, ராவுகாலம் போனப்பறம் முறுக்கிக்கலாம்னு துன்னப் போனேன். துன்னுட்டு வந்தா நீ வண்டிய ஸ்டார்ட் பண்ணிக்கினு இருக்கிற. சரி, நீ பாத்திருப்பன்னு..."

"பொட்டு இருந்தா நான் இன்னாத்துக்குடா பாக்கறேன்?"

"வுடுடா. மச்சான்கிட்ட சொல்லாத. குவைத் விசா அவரு கையில இருக்குது. அவளுக்கு ஏழாவது மாசம்டா. நான் அங்க போய்ச் சேந்ததும் எல்லாத்தையும் லெட்டர்ல எழுதிடறேன். சத்தியமா."

துரைசாமிக்குத் தெரிந்த ஒருவர் வழியாகத்தான் உனக்கு விசா வர இருந்தது. எஞ்சினைக் கெடுத்தவன் நீ என்று தெரிந்தால் அந்தப் பேச்சே எடுத்திருக்க மாட்டார். அதனால் சரி என்றேன். என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் சொன்ன ஒரே ஒரு சரி அது.

எவன் நட்டை முறுக்காமல் விட்டான் என்று துரைசாமி கேட்டபோது நீயும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. உண்மையை வரவழைக்க அவர் தன் வழிக்கு வந்தார். "ரெண்டு பேரும் காணிப்பாக்கம் வாங்கடா. கொளத்துல முழுகிட்டு, ஈரத்துணியோட பிள்ளையார் முன்னாடி நின்னு சொல்லுங்க. பொய் சொன்னவன அவரு பாத்துக்குவாரு."

நம் பக்கத்தில் காணிப்பாக்கம் என்றால் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. போலீஸிடம் பொய் சொல்பவன்கூட அங்கே சொல்லமாட்டான். பஸ்ஸில் மூவரும் போனோம். நீ குளத்தில் இறங்கினாய். நான் தேங்காய்க் கடையருகே நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்றேன். "நட்டு கழன்றதற்குக் காரணம் பானா. பிள்ளையாரை எதற்கு இழுக்கிறீர்கள்? இது மூடத்தனம்" என்று துரைசாமியிடம் பெரிய பிரசங்கமே செய்தேன். பி.எஸ்ஸி. பேச்சு.

உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிப் பேசினேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதியை இன்று எழுதுகிறேன். துரைசாமி என்னிடம் கேட்க இருந்த கேள்வி, "நாலையும் நீ தொட்டுப் பாத்தியா?" என்பது. நான் பார்க்கவில்லை. பொட்டைப் பார்த்துவிட்டு நாலும் டைட்டு என்று கூவியவன். அந்த விதியை உண்டாக்கியவனே அதை நம்பி ஏமாந்தான். எனக்குச் சாமி பயம் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

நான் மறுத்ததும் கணக்கு முடிந்துவிட்டது. பிரமாணத்துக்கு வரமாட்டேன் என்றவன்தான் குற்றவாளி. இதற்கு மேல் சாட்சி எதற்கு? சொட்டச் சொட்ட நின்ற உன்னைச் சத்தியம் செய்யச் சொல்லி யாரும் கேட்கவே இல்லை. நீ அப்போது சொல்லியிருக்கலாம். ஈரத்துணியோடு, அந்த வாசலில், ஒரே ஒரு வார்த்தை. நீ தலை துவட்டிக்கொண்டாய்.

ஊருக்கு வந்ததும் என்னிடம் எழுதி வாங்கினார்கள். "என் அஜாக்கிரதையால்" என்று தொடங்கும் அரைப்பக்கம். துரைசாமி சொல்லச் சொல்ல எழுதியவன் நான், ஏனென்றால் அங்கே ஒழுங்காக எழுதத் தெரிந்தவன் நான்தான். அவர் சொன்னதில் இருந்த பிழைகளையும் திருத்தினேன். கீழே முழுப் பெயரும் பட்டமும் போட்டுக் கையெழுத்திட்டேன். நீ பக்கத்தில் நின்று இங்க் பேனாவின் மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

அன்றிலிருந்து எனக்கு அந்த ஊரில் பெயர் 'லூஸ் நட்டு பி.எஸ்ஸி.' டீக்கடையில், பஸ்ஸில், கல்யாணப் பந்தியில் அதே பெயர். புத்தூரில் ஒரு பள்ளியில் வேலைக்குப் போனபோது அங்கே உட்கார்ந்திருந்த உங்கள் ஊர்க்காரர் ஒருவர், "ஏம்ரா, லேப்ல நட்டெல்லாம் சரியா முறுக்குவியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வேலை வேறு யாருக்கோ போனது. நான் திருப்பதிக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை.

நீ குவைத் போனாய். உன் கடிதங்கள் வந்தன. அவை வந்தால் துரைசாமி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் நின்று, வீட்டார் எல்லோரும் கேட்க உரக்கப் படிப்பார் என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் சொல்வார்கள். நான் ஒவ்வொருவரிடமும் கேட்பேன், "இன்னா எழுதியிருந்தான்?" சூடு அதிகம் என்று எழுதியிருந்தாய். முதலாளியம்மா நல்லவள் என்று எழுதியிருந்தாய். குழந்தைக்கு முடியிறக்கியாயிற்றா என்று கேட்டிருந்தாய். நட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

லீவில் வரும்போதெல்லாம் என்னைத் திருப்பதி பஸ் நிலையத்தில் வந்து பார்ப்பாய், சென்ட் மணக்க. "இந்தத் தபா போனதும் எழுதிடறேன்டா." ஒருமுறை ஒரு பானா செட் கொண்டுவந்தாய், ஜெர்மன் சாமான், வெல்வெட் பெட்டியில். "உனக்குன்னே தேடி வாங்கினேன்" என்றாய். அன்று அதை உன் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன். அந்தக் கோபம் எனக்கு உன்மேலா என்மேலா என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

இப்போது உன் சாவுக்கு வருகிறேன். போன வருடம் உடம்பு கெட்டு ஒரேயடியாகத் திரும்பிவந்தாய் என்று கேள்விப்பட்டேன். பார்க்க வரவில்லை. நீ கூப்பிடுவாய் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. செய்தி வந்ததும் மாலை வாங்கிக்கொண்டு வந்தேன். பந்தலில் துரைசாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு, நாலு பேர் கேட்க, அழுதுகொண்டே சொன்னார்.

"பாருங்கய்யா, இவன்தான் எஞ்சின ஒடச்சவன். ஆனா அவன் ஒருநாளும் இவன் மேல ஒரு சொல்லு சொல்லல. வரும்போதெல்லாம் போய்ப் பாத்துட்டு வருவான். அப்படி மன்னிச்ச மனுசன்யா அவன்!"

எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். நீ என்னை மன்னித்தவனாம்! நான் மாலையை உன்மேல் வைத்துவிட்டு, கைகழுவக்கூட நிற்காமல் ரோட்டுக்கு வந்துவிட்டேன். நீ பொய் சொன்னதில்லை, அது எனக்குத் தெரியும். சும்மா இருந்தாய். அந்தச் சும்மா இருந்ததன்மேல் ஊரே சேர்ந்து உனக்கு ஒரு கோயில் கட்டிவிட்டது.

இன்று காலை மஸ்தான் நான்கு கோடுகளும் போட்டு முடித்ததும் நான் வண்டிக்குள்ளிருந்து உன் வெல்வெட் பெட்டியை எடுத்தேன். இத்தனை வருடத்தில் முதல்முறை. குனிந்து நான்கு நட்டிலும் பானா போட்டுப் பார்த்தேன்.

"மார்க் இருக்குதே சார்! நம்பிக்கை இல்லியா?" என்றான் மஸ்தான். முகம் சுருங்கிவிட்டது.

"உன்மேல இருக்குதுப்பா," என்றேன். "மார்க்மேலதான் இல்ல."

நான்கும் இறுக்கமாகத்தான் இருந்தன. ஒன்றும் அசையவில்லை. ஆனாலும் என்னால் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. கேஸ் சிலிண்டர், குழாய், கதவுத் தாழ்ப்பாள் எதுவானாலும் அடுத்தவர் சரி என்றபிறகு நான் ஒருமுறை தொடவேண்டும். என் மனைவிக்கு இது பைத்தியமாகத் தெரிகிறது. நீ எனக்கு விட்டுப்போனது அந்தப் பெட்டியும் இந்த வியாதியும்தான்.

இந்த மடலுக்கு ஓர் உறை எடுத்து வைத்திருக்கிறேன். மேலே உன் பெயரையும் உன் ஊரையும் எழுதியிருக்கிறேன். இறந்தவன் பெயருக்கு வந்தாலும் துரைசாமி பிரிப்பார். பழக்கத்தில் வாசலுக்கு வந்து உரக்கப் படிக்கத் தொடங்குவார். ராகுகாலத்துக்கு வரும்போது குரல் இறங்கும். அங்கே நிறுத்திவிடுவாரோ, மேலே படிப்பாரோ, அது அவர் பாடு. உன் மனைவியும் கேட்பாள். அவளுக்காக மூன்று முறை இந்த மடலைக் கிழிக்கப் போனேன். பிறகு, அன்று அவளுக்காகத்தான் வாயை மூடினேன் என்பது நினைவுக்கு வந்தது. ஒருவருக்காக ஒருமுறை மூடலாம்.

கீழே என் பெயர் இருக்காது. பயத்தால் அல்ல. என் எழுத்தைத் துரைசாமி பார்த்ததும் அறிவார். அந்த அரைப்பக்கம் இன்னும் அவர் பெட்டியில்தான் இருக்கிறது. இந்த விஷயத்தில் நான் ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டேன். இது, குவைத்திலிருந்து எழுதுகிறேன் என்று நீ சொன்ன கடிதம். எழுதும் வேலையை உனக்குப் பதிலாக நான் செய்து முடித்திருக்கிறேன், வழக்கம்போல. கையெழுத்து நீ போடவேண்டியது. அந்த இடத்தைக் காலியாக விட்டு, இப்போதே தபாலில் சேர்க்கிறேன்.