மகாராணியின் பொட்டு

அக்கா,

காலையில் எழுந்து பார்த்தால் சுவரில் ஆணி மட்டும் நிற்கிறது. உன் மகாராணியைக் காணவில்லை. வேலைக்குப் போய்விட்ட பேத்திக்குப் போன் எடுத்தேன். "படத்தின்ர பிறேம் உளுத்துப்போச்சு அம்மம்மா. போற வழியில கொட்டாஞ்சேனைக் கடையில குடுத்திட்டன். நெத்தியில இருக்கிற கறையையும் எடுத்துத் தருவினம்" என்றாள்.

கறையாம். திரும்ப எடுத்தால் அவள் போனைத் தூக்கவில்லை. வெள்ளவத்தைச் சந்தியில் ஒரு ஆட்டோவைப் பிடித்தேன்.

அந்த அச்சுப் படம் உன் புருசனின் பாட்டன் ஏலத்தில் எடுத்தது. அவர் காலத்தில் இந்த மகாராணிதான் சீமையோடு சேர்த்து எங்களையும் ஆண்டவள். வெள்ளை முக்காடு, அதற்குமேல் சின்னக் கிரீடம், சிரிக்காத வாய். அத்தான் செத்த அன்று அந்தப் படத்துக்குக் கீழேதான் உன்னை இருத்தினார்கள். உன் மாமி சேலைத் தலைப்பை நனைத்து உன் நெற்றியைத் தேய்த்த தேய்ப்பு இருக்கிறதே, தோல் சிவந்து போனது. மாமி போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிறது. நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு கலவரத்தில் கல் பட்டு அந்தப் படத்தின் கண்ணாடி உடைந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நீ குங்குமத்தைத் தொட்டு மகாராணியின் நெற்றியில் வைத்தாய். மாமி பாய்ந்து வந்தா. நீ குரலை உயர்த்தவில்லை.

"அவவும் புருசனை இழந்தவதான் மாமி. ஏலுமெண்டால் அவவின்ர பொட்டை அழியுங்கோ."

தன் மாமனார் கும்பிட்ட படத்தில் கை வைக்க மாமிக்குத் துணிவு வரவில்லை. நீ இருந்தவரை வெள்ளி தவறவில்லை. நீ போனபின் படம் என்னிடம் வந்தது.

புறக்கோட்டையில் ஆட்டோ நகரவே இல்லை. பஞ்சும் தண்ணீரும் பட்டால் அந்தப் பழைய கடதாசி என்னத்துக்கு ஆகும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உன் விரல் பட்டதென்று சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லையே.

கடைக்காரன் ஈரப் பஞ்சோடுதான் குனிந்திருந்தான். பொட்டின் ஒரு ஓரம் கரைந்திருந்தது.

"மல்லி, தம்பி, கையை எடும். அது கறையில்லை, பொட்டு."

"வெள்ளைக்காரிக்குப் பொட்டா அம்மா?" என்று சிரித்தான்.

"ஓம். என்ர அக்கா வச்சது."

சிரிப்பு நின்றது. பஞ்சைத் தூர வைத்துவிட்டு, கண்ணாடி போட்டால் பத்திரமாக இருக்கும் என்றான்.

"வேண்டாம். கை எட்டவேணும்."

புதுச் சட்டத்தோடு மகாராணி திரும்ப ஆணிக்கு வந்துவிட்டாள். கரைந்த ஓரத்தில், உன் பொட்டின் மேல் படாமல், கொஞ்சம் குங்குமம் வைத்தேன். எனக்குப் பிறகு ஆர் வைப்பது என்ற பயம் இருக்கிறது. பேத்தி துடைக்கத்தான் பார்ப்பாள்.

விரலில் மிச்சம் ஒட்டியிருக்கிறது. இவர் போனதிலிருந்து என் நெற்றியும் வெறும் நெற்றிதான். கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றால் மாமியின் ஈரத் தலைப்புத்தான் தெரிகிறது. ஆனாலும் அக்கா, நான் இன்னும் கை கழுவவில்லை.