அரபியின் காருக்கு மாட்டிய வால்வு

ஷார்ஜா, 9.3.1987

பாஸிலாவுக்கு ஹக்கீம் ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். அத்தாவின் மூச்சிரைப்பு தேவலையா? குழாயில் தண்ணீர் வருகிறதா?

இங்கே ஒரு வேடிக்கை. நம் ஒர்க்‌ஷாப்புக்கு ஓர் அரபி டர்போ காரோடு வந்தார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும், உள்ளே அடைபட்ட காற்றை 'உஸ்' என்று வெளியே விடும் வால்வு ஒன்றையும் வாங்கி வந்திருந்தார். மாட்டலாமா என்றார். கம்பெனி வைக்காதது எதற்கு, வெறும் சத்தம்தான் என்று அனுப்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் நீ பேசி அனுப்பிய கேசட்டைப் போட்டேன். எல்லாரும் சுகம் என்று சிரித்துப் பேசியிருந்தாய். அது முடிந்தும் நான் நிறுத்தவில்லை. நீ முதலில் பேசியதை, பிறகு வேண்டாமென்று அதன் மேலேயே வேறு பேசி அழித்திருக்கிறாய் போல, அதில் கடைசித் துண்டு அழியாமல் கிடந்தது. "என்னால முடியல மச்சான். ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்று அழுகிறாய்.

மறுநாள் அரபியைக் கூப்பிட்டு வால்வை மாட்டிக்கொடுத்தேன். கூட வேலை பார்க்கும் முத்துக்கிருஷ்ணன், "ஏன் அப்பு, நேத்துத்தான வேணாம்னே?" என்றார். போகிற காற்று போகட்டும் என்றேன்.

நோன்புக்குள் லீவு கிடைக்காது. கடிதம் கொண்டுவரும் ஆள் வாசலில் நிற்கிறார். அவரிடம் புதுக் கேசட் இரண்டு கொடுத்திருக்கிறேன். வழக்கம்போல் நீ அனுப்பிய கேசட்டின் மேலேயே பதில் பேசி அனுப்ப மனம் வரவில்லை. அது என் பெட்டியில் இருக்கிறது. பெட்டிப் பூட்டு கெட்டுவிட்டது. நம்மூர்ப் பூட்டு ஒன்று கொடுத்தனுப்பு.

ஹக்கீம்