கடைக்கு மட்டும் சிரிப்பு

786
தியாகராய நகர்
2-10-46

அன்புள்ள வஜீஹாவுக்கு இனாயத் எழுதுவது. ஸலாம். உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகமென்று நம்புகிறேன். நீ போய்ப் பதினோரு நாளாகிறது. வீடு வீடாக இல்லை.

அடித்தது தப்புதான். நான் படுகிறதையும் கேள். தீபாவளிக் கூட்டம். ஒருத்தி இருபது புடவையைப் பிரிக்கச் சொல்லி, ஒன்றும் பிடிக்கவில்லை என்று என் முகத்தில் வீசிவிட்டுப் போகிறாள். நான் பல்லைக் காட்ட வேண்டும். முதலாளி சுப்பராமன் கல்லாவிலிருந்து என் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். "ஏண்டா, இழவு வீட்டு மூஞ்சிய வெச்சுண்டு நின்னா எவடா உள்ள வருவா?" என்று எல்லார் முன்னாலும் பின்மண்டையில் அறைகிறார். அதற்கும் சிரிக்கிறேன். தாடை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. துணி மூட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் கை தானாக எழும்புகிறது. அது என் வசத்தில் இல்லை வஜீஹா, அல்லா அறிவான். வந்துவிடு.

உன் இனாயத்

786
மயிலாப்பூர்
6-10-46

மச்சான் அவர்களுக்கு வஜீஹாவின் ஸலாம். கடிதம் கிடைத்தது. என் உடம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். கடைவாய்ப் பல் போனது போனதுதான். இடது காதில் இரைச்சல் நிற்கவில்லை. குழவியை எறிந்தீர்களே, அந்த விலாவில் சகினா அண்ணி பத்துப் போடுகிறார். உங்கள் காலை முறிக்கக் கிளம்பிய அண்ணனை நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் தாடைக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தவள் நான். அந்தக் கடை உங்களைத் தின்கிறது என்று எனக்குத் தெரியாதா? வேறு வேலை பாருங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். கை வசத்தில் இல்லை என்கிறீர்கள். அது வியாதியானால் வியாதிக்காரரைத் தனியே விட்டு இருக்க மாட்டேன், வந்துவிடுவேன். மெய்தானா என்று எனக்குத் தெரிய வேண்டும். அதுவரை பொறுங்கள்.

தங்கள் வஜீஹா

தியாகராய நகர்
13-10-46

வஜீஹாவுக்கு,

இன்னும் எத்தனை நாள் பொறுப்பது? இன்று ஒரு பெரிய மனிதர், புடவை சாயம் போய்விட்டதென்று என்னைச் செருப்பால் அடித்தார். உதடு கிழிந்தது. ரத்தத்தை விழுங்கிவிட்டு, "மன்னிச்சுக்குங்க சார், வேற தரேன்" என்றேன். முதலாளி அவருக்குச் சோடா வரவழைத்தார். கையில் கத்தரிக்கோல் இருந்தது. அந்த ஆளின் கழுத்தையே பார்த்துக்கொண்டு சிரித்தேன்.

இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்? பானையை உடைத்தேன், கண்ணாடியைக் குத்தினேன். டாக்டரிடம் போக எனக்கென்ன பைத்தியமா? வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் முடியைப் பிடித்துத் தெருவோடு இழுத்து வருவேன். உன் அண்ணன் குறுக்கே வந்தால் அவனையும் வெட்டுவேன்.

இனாயத்

786
மயிலாப்பூர்
16-10-46

மச்சான் அவர்களுக்கு,

நேற்றுப் பிற்பகல் உங்கள் கடைக்கு இரண்டு புர்காக்காரிகள் வந்தார்களே, பேசியது சகினா அண்ணி, வாய் திறக்காதவள் நான். உங்கள் வீங்கிய உதட்டைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அந்த நிமிஷம் கூப்பிட்டிருந்தால் கூடவே வந்திருப்பேன்.

மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு முப்பத்திரண்டு புடவையைப் பிரிக்க வைத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தேன். கடைசிப் புடவையைக் காலால் தள்ளினேன். "கண்றாவி, இத மனுஷி கட்டுவாளா?" என்றார் அண்ணி. உங்கள் கழுத்து நரம்பு புடைத்தது. அடுத்து என்ன வருமென்று எனக்குத் தெரியும், புர்காவுக்குள் தலையைக் குனிந்துகொண்டேன். ஒன்றும் வரவில்லை. புடவையை நீவி மடித்தீர்கள்.

அப்புறம் நான் நீட்டிய விரலைப் பார்த்தீர்கள். போன ரம்ஜானில் நீங்கள் கதவிடுக்கில் வைத்து நெரித்த விரல். "அடடா, வெரல்ல இன்னாம்மா அடி? பாத்து கைய வெக்கணும்மா" என்றீர்கள். என்னிடம் நீங்கள் அவ்வளவு பரிவாகப் பேசியதே இல்லை.

நீங்கள் படும் பாடு மெய், மனம் நொந்திருப்பதும் மெய். அவசியம் டாக்டரிடம் போங்கள். கை மட்டும் உங்கள் வசத்தில்தான் இருக்கிறது. என்னை உங்களிடமிருந்து விடுவிக்கும்படி இன்று காலை காஜியாரிடம் குலா கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை இங்கே அண்ணனும் ஜமாஅத்தார் நால்வரும் இருப்பார்கள். வர வேண்டாம்.

இப்படிக்கு,
குலாம் முகம்மது மகள் வஜீஹா