பதினொரு அங்குல வெள்ளை

பாலக்கரை, திருச்சி
17.3.2025

மரியே வாழ்க!

அன்பு மகள் ஆஷ்லிக்கு,

நீ ஸ்ரீரங்கத்தில் தனி அறை எடுத்துப் போய் நாற்பது நாள் ஆகிறது. சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா என்று போனில் கேட்டால் கட் பண்ணிவிடுகிறாய். எழுதினால்தான் பதில் வரும் என்றாய். இதோ, எழுதுகிறேன். இங்கே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஒரு நல்ல செய்தி. ஏப்ரல் இரண்டாம் தேதி ஆட்டிசம் உள்ளவர்களின் ஓவியக் கண்காட்சி வைக்கிறார்களாம். நீ விட்டுவிட்டுப் போன சத்திரம் பஸ் ஸ்டாண்ட் படத்துக்கு பிரேம் போட்டுவிட்டேன். இடதுபக்கம் பதினொரு அங்குலம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. பிரேம் கடை நல்லதம்பி, "முடிக்காம விட்டிருக்காங்கக்கா, வெட்டிட்டா எடுப்பா இருக்கும்" என்றார். வெட்டியாயிற்று. ஜோராக இருக்கிறது. சந்தோஷம்தானே?

உன் அம்மா,
இருதயமேரி

ஸ்ரீரங்கம்
20.3.2025

அம்மா,

சந்தோஷம் இல்லை.

அது முடித்த படம். வலதுபக்கம் சத்திரம். ஹாரன் ஆரஞ்சு, கண்டக்டர் விசில் மஞ்சள், "ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம்" என்று கூவுவது சிவப்பு. பஸ் ஸ்டாண்ட் எனக்கு முதலில் இப்படிச் சத்தத்தின் நிறமாகத்தான் தெரியும், ஆட்களும் பஸ்ஸும் பிறகுதான். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் அத்தனையும் பின்னால் போய்விடும். காதிலிருந்து கையை எடுப்பேன். அதுதான் வெள்ளை. அது எங்கே தொடங்க வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆனது.

நீ வெட்டியது காவிரியை. ஆத்திர ஆத்திரமாக வருகிறது, வேலை ஓடவில்லை. என்னைக் கேட்காமல் ஏன் வெட்டினாய்? படத்தைக் கண்காட்சிக்குத் தரமாட்டேன். நீயும் இங்கே வராதே.

ஆஷ்லி

பாலக்கரை
24.3.2025

ஆஷ்லி கண்ணு,

கடிதம் கிடைத்ததும் கடைக்கு ஓடினேன். அந்தத் துண்டை வேறு படத்துக்குப் பின்னட்டையாக ஒட்டிக் கொடுத்துவிட்டாராம் நல்லதம்பி. "வெறும் பேப்பர்தானேக்கா" என்றார். திட்ட வாயெடுத்தேன். நானும் அதைத்தானே நினைத்தேன்?

அதே அளவில் புதுத் தாள் வாங்கிச் சுருட்டி அனுப்பியிருக்கிறேன். சரிவருமா, பார். நீ திருப்பி அனுப்பினால் இங்கே படத்தோடு ஒட்டிவிடுகிறேன்.

நீ காதைப் பொத்தும்போதெல்லாம், நாலு பேர் பார்க்கிறார்கள் என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். உனக்கு என்ன கேட்கிறது என்று இந்த இருபத்தெட்டு வருஷத்தில் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. வெட்கமாக இருக்கிறதடி.

நேற்று சத்திரத்தில் பஸ் ஏறினேன். பாலம் வந்ததும் கண்ணை மூடிப் பார்த்தேன். பக்கத்து சீட்காரர் போனில் கத்திக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உன் தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அம்மா

ஸ்ரீரங்கம்
27.3.2025

அம்மா,

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். ஒட்டினால் வெட்டியது தெரியாமல் போய்விடும்.

கோபம் இன்னும் இருக்கிறது, ஆனால் குறைந்திருக்கிறது. பொய் சொல்லாமல், பாலத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதினாயே, அதனால்.

கண்காட்சிக்காரர்கள் வந்தால் பிரேமைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கொடுத்துவிடு. அந்தக் கூடத்தின் சுவர் வெள்ளை. படத்துக்கு இடதுபக்கம் பதினொரு அங்குலத்தில் எதையும் மாட்டக் கூடாது, பெயர்ச்சீட்டுகூடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த இடம் ஏன் காலி என்று வருகிறவர்கள் கேட்பார்கள். கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது. நீ வந்து சொல். வெட்டியதையும் சேர்த்துச் சொல்.

உன்
ஆஷ்லி