மூச்சுப் பயிற்சி

அன்புள்ள அக்கா,

என் மகள் உன்னிடம் சமர்த்தாக இருக்கிறாளா?

இன்று எங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் மனநலக் கூட்டம். காவலில் இறந்தவனின் வழக்கை விடச் சொல்லி, மகளுடைய பள்ளி வாசலில் என்னை மிரட்டிய அதே போலீஸ் அதிகாரிதான் சிறப்பு விருந்தினர்.

"கண்ண மூடி மூச்ச இழுத்து விடுங்க, பயமெல்லாம் போயிடும்" என்றார். எல்லோரும் மூடினார்கள். நான் மட்டும் எழுந்துவிட்டேன்.

"சார், ஸ்கூல் வாசல்ல எங்கிட்ட சொன்னத இந்த மைக்ல சொல்லுங்க."

சங்கத் தலைவர் ஓடி வந்தார். "டென்ஷன்ல இருக்கீங்கம்மா. உங்களுக்காகத்தானே இந்தக் கூட்டமே!"

பக்கத்திலிருந்த என் தோழி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி மூடிக்கொண்டாள். அதைத்தான், அக்கா, என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நாளை அந்த வழக்கின் வாய்தா. போகத்தான் போகிறேன். மகள் கேட்டால், அம்மாவுக்கு வேலை அதிகம் என்று சொல். இப்போதைக்கு அவளை இங்கே அனுப்பாதே.

உன் தங்கை