நைனாவின் அரைப்படி

பாலசமுத்திரம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள கீர்த்தி அக்காவுக்கு,

தாட்சாயணி எழுதுகிறேன். உன் விடுதியில் போன் தர மாட்டார்களே, அதனால்தான் கடிதம். நாளை நைனாவை திருப்பதி ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, சித்தப்பா இதை உன்னிடம் கொடுப்பார்.

நைனாவுக்குக் கால் வீக்கம் வடியவே இல்லை. படுத்தால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தபடியே தூங்குகிறார். போன தடவை டயாலிசிஸுக்கு முன் எடை பார்த்த நர்ஸம்மா, உடம்புக்குள் தண்ணீர் அதிகம் போகிறது, இப்படியே போனால் உயிருக்கே ஆபத்து என்று தெலுங்கில் கோபித்துக்கொண்டாராம்.

குடிக்க ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி என்பது டாக்டர் கணக்கு. ஒரு படி என்பது ஆயிரத்து அறுநூறு, அதில் பாதி என்று அம்மா தினமும் காலையில் அரைப்படியை நிரப்பி மூடி வைப்பாள். அதற்கு மேலும் நைனா ஒளிந்து குடிக்கிறார் என்று அவளுக்குச் சந்தேகம். நேற்று குடத்தை உள்ளறையில் வைத்துப் பூட்டிவிட்டாள். “ஏன்யா, புள்ளைங்கள வுட்டுட்டுப் போறதுக்கா இப்புடிக் குடிச்சிக்கினு கீற?” என்று கத்தினாள். “புள்ளைங்க மேல சத்தியமா அந்த அரைப்படியத் தாண்டல” என்றார் நைனா. அம்மா நம்பவில்லை. நானும்தான். அவர் குளிக்கும்போது தண்ணீர் குடிக்கும் சத்தம் வருகிறதா என்று கதவுக்கு வெளியே நின்று காதைத் தீட்டிக் கேட்டேன்.

இன்று மில்லி கோடு போட்ட என் பள்ளிக்கூடப் பாட்டிலில் அரைப்படித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். எண்ணூறைத் தாண்டி, ஆயிரத்தையும் தாண்டி, வாய்வரை வந்துவிட்டது. அரைப்படியில் இன்னும் மிச்சம் இருந்தது!

அம்மாவிடம் காட்டினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் சொன்னாள். நைனா கூலிக்குப் போன காலத்தில், செடியிலிருந்து கடலை ஆய்ந்தால் அளவு குறைந்த படியில்தான் கூலி அளப்பார்களாம். நமக்கென்று கழனி வந்ததும், சித்தூரில் சொல்லி விளிம்பை உயர்த்திச் செய்த அரைப்படியாம் இது. “நம்மகிட்ட வர்றவங்களுக்குக் கூலி கூடத்தான் போவணும்” என்பாராம். இத்தனை வருடத்தில் இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது.

மாலையில் பாட்டிலில் எண்ணூறுவரை ஊற்றி நைனாவிடம் காட்டினேன். “இன்னா பாப்பா, இத்துனூண்டா?” என்றார். அப்புறம் அம்மாவைப் பார்த்து, “நான் திருடலன்னு இப்பவாச்சும் தெரிஞ்சிதா?” என்றார். அம்மா உள்ளே போய்க் குடத்தை எடுத்து வந்து, அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.

அக்கா, வார்டனிடம் கெஞ்சியாவது ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. ஊசி இல்லாத கையைப் பிடித்துக்கொள். பரீட்சை பற்றிப் பேசு, எதையாவது பேசு. தண்ணீர் பற்றி மட்டும் ஒன்றும் கேட்காதே.

உன் தங்கை,
தாட்சாயணி